பிசிஓஎஸ்: பிள்ளைகளும் தாய்மாரும் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்கு முதல் வருடம், பதினேழு வயதில், எனக்கு பிசிஓஎஸ் (பொலிசிஸ்ரிக் ஓவரி சிண்ட்ரோம், பெண்களின் ஓமோன் சமநிலை குழம்பும் ஒரு நிலை) இருக்கிறது என்று சொன்னார்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். பாடம் முடிந்து எல்லோரும் போனபிறகு வாசலில் நின்று, "ரீச்சர், ஒரு விஷயம் கேட்கலாமா" என்று குரலைத் தாழ்த்தும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போகிறார்கள். கோயில் வீதியில் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போகும் தாய்மாரும் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதை வாசித்துவிட்டு டொக்டரிடம் போனால் அவர் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும். போகாமல் இருப்பதற்கு இதைக் காரணமாக எடுக்கவேண்டாம்.

சூலகத்தில் கட்டி என்று சொல்கிறார்கள். வெட்டி எடுக்கவேண்டுமா?

இல்லை. கட்டி என்ற அந்தச் சொல்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் முட்டை இருக்கும் சின்னப் பைகள் சில வளரத் தொடங்கும். அதில் ஒன்று முழுதாக வளர்ந்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அவை பாதி வழியில் நின்றுவிடும். ஸ்கானில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்களாகத் தெரிவது இப்படி வளராமல் நின்ற பைகள்தான். பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றர்கூட இராது. இந்தப் பைகள் புற்றுநோய்க் கட்டி இல்லை.

1935ஆம் ஆண்டு சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரண்டு வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதியபோது கண்ணுக்குத் தெரிந்தது சூலகம் என்பதால், பெயரும் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது முழு உடம்பையும் தொடும் ஓமோன் குழப்பம். சூலகம் அதில் ஒரு பங்குதான்.

ஏன் எனக்கு வந்தது? நான் ஏதும் பிழை செய்தேனா?

ஒரு பிழையும் செய்யவில்லை. இதைக் கேட்கும்போது பிள்ளைகளின் கண் கலங்கும். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், இது பரம்பரையில் ஓடும். அம்மாவுக்கோ சின்னம்மாவுக்கோ மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்திருக்கும். அப்பாவுக்கு நீரிழிவு இருந்திருக்கும். அந்தக் காலத்தில் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 வீதமானோருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 வீதம் வரையானோருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில் 6.3 வீதம் என்று கண்டார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வையுங்கள். நீங்கள் தனியாள் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். நாம் சாப்பிடும் சோறும் பாணும் சீனியாக மாறிக் குருதிக்குள் வரும். அந்தச் சீனியை உடற்கலங்களுக்குள் அனுப்பும் வேலை இன்சுலினுடையது. பிசிஓஎஸ் உள்ள பலருக்குக் கலங்கள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் சதையி இன்னும் கூட இன்சுலினைச் சுரக்கும். கூடிப்போன இன்சுலின் சூலகத்தைத் தூண்டி, பெண் உடம்பில் கொஞ்சமாக இருக்கவேண்டிய ஆண் ஓமோன்களை அதிகமாக்கும். அந்த ஓமோன்களைக் கட்டி வைத்திருக்கும் புரதம் ஒன்று ஈரலில் உண்டாகிறது. இன்சுலின் கூடினால் அதுவும் குறையும். அப்போது முட்டை வளர்வது தடைப்படும், மாதவிடாய் பிந்தும், முகத்தில் முடி வரும், பரு வரும், தலைமுடி உதிரும், கழுத்தின் பின்புறம் கறுக்கும். பத்து வருத்தம் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஆரம்பம் ஒன்றுதான். இது விளங்கினால் சாப்பாடும் நடையும் நித்திரையும் ஏன் மருந்தளவுக்கு முக்கியம் என்பதும் விளங்கிவிடும்.

மகளுக்குப் பதினான்கு வயது. பெரியபிள்ளையாகி ஒன்றரை வருடம். ஒழுங்காக வருவதில்லை. ஸ்கான் எடுக்கவா?

அவசரப்படவேண்டாம், அம்மா. பெரியபிள்ளையான முதல் இரண்டு மூன்று வருடம் ஒழுங்கில்லாமல் வருவது பலருக்கு இயல்பு. முதல் வருடம் கழிந்தபிறகு ஒரு தடவை வந்து அடுத்தது வர 90 நாளுக்கு மேலானால் காட்டவேண்டும். இளம்பிள்ளைகளின் சூலகம் இயல்பாகவே ஸ்கானில் பல பைகளோடு தெரியும். அதனால்தான் இளம்பிள்ளைகளுக்கு ஸ்கானை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக்கூடாது என்று 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. ஒழுங்கில்லாத மாதவிடாயும் ஆண் ஓமோன் கூடியதற்கான அடையாளமும் இரண்டும் இருந்தால்தான் இளம்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பார்கள்.

அப்ப பெரியவர்களுக்கு எப்படி உறுதிப்படுத்துவார்கள்?

மூன்றில் இரண்டு இருக்கவேண்டும். மாதவிடாய் ஒழுங்கின்மை ஒன்று: 35 நாளுக்கு மேல் பிந்துவது, 21 நாளுக்குள் வருவது, அல்லது வருடத்தில் எட்டுத் தடவைக்குக் குறைவாக வருவது. ஆண் ஓமோன் கூடியிருப்பது இன்னொன்று. அது உடம்பிலும் தெரியலாம், குருதிப் பரிசோதனையிலும் தெரியலாம். மூன்றாவது ஸ்கான். 2003இல் ரொட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த முறை இது. தைரொயிட் கோளாறும் புரோலக்ரின் என்ற ஓமோன் கூடுவதும் இதே மாதிரி அறிகுறிகளைக் காட்டும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவார்கள். தனியே ஒரு ஸ்கான் தாளை வைத்துக்கொண்டு பயந்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தத் தாள் மட்டும் போதாது.

குளிசை போடாமல் இயற்கையாகவே மாற்றலாமா?

முற்றாக இல்லாமல் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். சாப்பாடு, உடற்பயிற்சி, நித்திரை மூன்றையும்தான் முதலில் சொல்லுவார்கள், டொக்டர்மாரும் அப்படித்தான். பலருக்கு அதிலேயே மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடும். சிலருக்கு மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசையோ ஓமோன் குளிசையோ சேர்த்துத் தேவைப்படும். எனக்கு இரண்டு வருடம் தேவைப்பட்டது. குளிசை எடுப்பதால் நீங்கள் இயற்கையைக் கைவிட்டதாக ஆகாது. டொக்டர் தந்ததைச் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

சோறு, பிட்டு, இடியப்பம் எல்லாம் விடவேண்டுமா?

வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிட்டை விட்டுவிட்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? இரண்டு கிழமை. மூன்றாம் கிழமை இரட்டிப்பாகச் சாப்பிடுவீர்கள். பிசிஓஎஸுக்கென்று ஒரு தனி உணவுமுறை மற்றவற்றைவிடச் சிறந்தது என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. உங்களால் வருடக்கணக்கில் தொடரக்கூடியதுதான் உங்களுக்கு நல்லது.

மாற்றவேண்டியது தட்டின் கணக்கை. எங்கள் வீடுகளில் நடுவில் சோறு மலைபோல இருக்கும், கறிகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்புங்கள். தட்டில் பாதி மரக்கறியும் இலைவகையும்: முருங்கை இலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, கத்தரிக்காய், பயிற்றங்காய், பாகற்காய். கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை போன்றவை. மிச்சக் கால்வாசிதான் சோறு. சோறு தவிடு போகாத சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் வாங்குங்கள். தவிட்டிலுள்ள நார் சீனி ஏறும் வேகத்தைக் குறைக்கும். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிறகு சாப்பிட்டாலும் சீனி ஏறுவது குறையும். செலவில்லாத வேலை, ஒரு நேரம் செய்து பாருங்கள்.

பிட்டுக்கு வருகிறேன். கோதம்ப மாவில் மட்டும் அவித்த பிட்டை வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தால் அது முழுக்க மாவும் சீனியும்தான். அதே நீத்துப்பெட்டியில் குரக்கன் மா பாதி, சிவப்பரிசி மா பாதி போட்டு, முருங்கை இலையை அரிந்து கலந்து அவியுங்கள். பக்கத்தில் மீன் குழம்போ முட்டையோ இருக்கட்டும். என் வகுப்பில் செய்முறைக்கு இதைச் செய்து காட்டினேன். பிள்ளைகள் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். ஒடியல் மாவில் நார் அதிகம். மீன், இறால், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் ஒரு நேரச் சாப்பாடாகவே போதும். அதன்பிறகு சோறு வேண்டியதில்லை. கூழைக் குடித்துவிட்டு மத்தியானச் சோற்றையும் சாப்பிடுவதுதான் எங்கள் பழக்கம், அங்கேதான் கூடிவிடுகிறது.

விலை உயர்ந்த மீன் தேவையில்லை. சூடை, கீரி போன்ற சின்ன மீன்களில் நல்ல கொழுப்பு இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள், அல்லது தீயல் மாதிரி வற்ற விடுங்கள். மாலையில் கடையில் வாங்கும் ரோல்ஸ், பற்றிஸ், மிக்ஸருக்குப் பதிலாக அவித்த கடலை, அவித்த பயறு, ஒரு கைப்பிடி கச்சான், கொய்யா, நெல்லிக்காய். கறுத்தக்கொழும்பான் காலத்தில் மாம்பழம் சாப்பிடாதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சாப்பாட்டோடு பாதிப் பழம், சாறாக அடிக்காமல். கொத்துரொட்டி மாதத்தில் ஒரு நாள் சிநேகிதிகளோடு என்றால் சரி, கிழமையில் மூன்று நாள் என்றால் சரியில்லை.

பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. வயிற்றுக்கு ஒத்துவராதவர்கள் நிறுத்தலாம். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால்?

பனங்கட்டியும் பெரும்பகுதி சீனிதான். இதைச் சொன்னால் தாய்மாருக்கு என்மீது கோபம் வருகிறது. மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும், ஆனால் குருதிக்குள் போனபிறகு உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு பால்தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. காலை, பத்து மணி, நாலு மணி, இரவு படிக்கும்போது ஒன்று. எட்டுத் தேக்கரண்டி ஆகிவிட்டது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி, அதாவது 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. தேநீரில் மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிட்டோம். சோடா, பிஸ்கற், ஐஸ்கிறீம் இன்னும் எண்ணவில்லை. ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கிழமைக்குக் கால் தேக்கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்ரி குடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் துண்டைச் சின்னதாக்குங்கள்.

அம்மம்மா உளுத்தங்களி தரச்சொல்கிறா. தின்றால் கருப்பை பலப்படுமாம்.

அம்மம்மாவின் அன்பைத் தட்டவேண்டாம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உளுத்தம்மா, முட்டை, நல்லெண்ணெய் கொடுத்த வழக்கம், புரதம் குறைவாகச் சாப்பிட்ட காலத்தில் மிக நல்ல வழக்கம். உளுந்தில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் பிசிஓஎஸை அது மாற்றுவதில்லை. பனங்கட்டியும் எண்ணெயும் ஊற்றிக் கிண்டிய களியைத் தினமும் ஒரு கிண்ணம் தின்றால் எடைதான் கூடும். உளுந்தைத் தோசையாக, கஞ்சியாக, சீனி இல்லாமல் எடுங்கள். அம்மம்மாவுக்கும் மனம் நோகாது.

வெந்தயம், கறுவா, இணையத்தில் விற்கும் பொடிகள்?

வெந்தயமும் கறுவாவும் குருதிச் சீனியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இரவில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் எடுப்பதில் பலருக்குப் பிரச்சினை இல்லை. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையாமல் கவனிக்கவேண்டும், கர்ப்பிணிகள் கூடுதலாக எடுக்கக்கூடாது. கறுவா எங்கள் நாட்டுக் கறுவாவாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதிகம்.

பொடிகளைப் பற்றி மனம் வெந்து சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயதில், "மூன்று மாதத்தில் அடியோடு மாறும்" என்று சொல்லி ஒருவர் பெயர் ஒட்டாத போத்தலில் ஒரு பொடி தந்தார். அம்மா கையிலிருந்த காப்பை அடகு வைத்து வாங்கினா. நான்கு மாதம் எடுத்தேன். மாதவிடாய் வரவில்லை. அந்த நான்கு மாதமும் டொக்டரிடமும் போகவில்லை. என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வாயில் போடாதீர்கள். பாதரசம், ஈயம் கலந்த பொடிகளும், உள்ளே ஆங்கில மருந்தைக் கலந்து நாட்டு மருந்து என்று விற்பவையும் உலகெங்கும் பிடிபட்டிருக்கின்றன. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, பதிவு செய்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கே போய், எடுக்கும் ஆங்கில மருந்துகளையும் சொல்லிக் கேளுங்கள்.

விரத நாட்களில் என்ன செய்வது?

விரதம் பிடிக்கலாம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சம் இல்லாத வீடுகளில், மீனும் முட்டையும் நின்ற இடத்தில் உருளைக்கிழங்கும் அப்பளமும் பாயாசமும் வந்து உட்கார்ந்துவிடும். அந்த இடத்தைக் கடலை, பயறு, பருப்பு, சோயா, தயிருக்குக் கொடுங்கள். ஒருநேரம் இருப்பவர்கள் விரதம் முடிக்கும்போது ஒரேயடியாக நிறையச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் விரதம் இருக்கக்கூடாது.

ஜிம்முக்குப் போக வசதியில்லை. என்ன உடற்பயிற்சி?

சைக்கிள். வேறு எந்த ஊருக்கும் இல்லாத வசதி எங்களுக்கு இருக்கிறது: மேடு பள்ளம் இல்லாத ஊர், சைக்கிளில் போகும் பெண்ணைத் திரும்பிப் பார்க்காத ஊர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் தாய்மார் வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளில்தான் போனார்கள். இப்போது பத்து நிமிட தூரத்து ரியூசனுக்கும் ஸ்கூட்டி. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது கொட்டிலில் கிடந்த சைக்கிள்கள் திரும்ப வெளியே வந்தன. நானும் அப்போது எடுத்ததுதான், இன்னும் விடவில்லை. பாடசாலைக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். கிழமையில் ஐந்து நாள் என்றால் 200 நிமிடம் ஆகிவிட்டது.

வழிகாட்டல் கேட்பது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவு வேகத்தில். அதோடு கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை. இரண்டாவதைப் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். தசைதான் குருதிச் சீனியைக் கூடுதலாக உள்ளே எடுக்கும் இடம். அதனால் பிசிஓஎஸுக்கு இதில் தனி நன்மை இருக்கிறது. கதிரையில் இருந்து எழும்பி இருக்கிற மாதிரிப் பத்துப் பத்தாக மூன்று தரம், சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்குவது. அறைக்குள்ளேயே முடியும். முன்னர் கிணற்றில் அள்ளிக் குளித்தபோது இது தானாக நடந்தது.

நடப்பதென்றால் வெயிலுக்கு முன் காலை ஐந்தரை, அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. பண்ணைப் பக்கம் கடற்காற்றோடு நடப்பவர்கள் நிறைய. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முற்றத்திலேயே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் சீனி குறையும். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தேவை. வலைப்பந்து ஆடும் பிள்ளையை "உயர்தரம் வருகுது, விளையாட்டை விடு" என்று நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு எடை குறைக்கவேண்டும்?

எடை கூடியவர்களுக்கு இருக்கும் எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே மாற்றம் தெரியும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. பதினைந்து கிலோ குறைக்கவேண்டும் என்று நினைத்து முதல் நாளே மனம் சோர்ந்துபோகத் தேவையில்லை. எடை அசையாவிட்டாலும் உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். அதனால் தராசு மாறவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

இடுப்பையும் அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனிக்கவேண்டும் என்பது கணக்கு.

நான் மெலிவுதான். எனக்கு எப்படி வந்தது?

மெலிந்தவர்களுக்கும் வரும். எங்கள் இனத்தவர்களுக்கு வெளியில் மெலிவாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும் தன்மையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மையும் கூட. நீங்கள் எடை குறைக்கத் தேவையில்லை, பட்டினி கிடக்கவே கூடாது. தசைப் பயிற்சியும் தட்டின் கணக்கும் உங்களுக்கும் அதேதான்.

உயர்தரம் படிக்கிறேன். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழும்புகிறேன்.

பிள்ளை, இதைத்தான் முதலில் மாற்றவேண்டும். சில இரவுகள் நித்திரை குறைந்தாலே இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைகிறது. பசியும் கூடும், அதுவும் இனிப்புக்கும் மாவுக்கும். விடியப்புறம் ஒரு ரியூசன், பாடசாலை, பின்னேரம் இன்னொன்று, இடையில் பசிக்குப் பணிஸும் சோடாவும். பதினேழு வயதில் நான் இருந்ததும் இப்படித்தான். உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரம் தேவை. அது முடியாவிட்டால் ஏழு மணி நேரமாவது. ஒரு ரியூசன் வகுப்பை விடுவதால் மருத்துவபீடம் கைநழுவாது. தாய்மாரே, இதைப் பிள்ளை தானாகச் செய்யமாட்டாள். விளக்கை நீங்கள்தான் அணைக்கவேண்டும்.

நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டு, எழும்பும்போதும் களைப்பாக இருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். நித்திரையில் மூச்சுத் தடைப்படுவது பிசிஓஎஸோடு கூட வரும்.

முகத்தில் முடி, கழுத்தில் கறுப்பு. மஞ்சள் பூசினால் போகுமா?

கழுத்துக் கறுப்பு ஊத்தை இல்லை. தேய்க்காதீர்கள், தோல் புண்ணாகும். இன்சுலின் குறையும்போது அது மெதுவாகத் தெளியும். மஞ்சள் ஓமோனை மாற்றாது. முடிக்கு நூல் போடலாம், சவரம் செய்யலாம். சவரம் செய்தால் தடிப்பாக வளரும் என்பது உண்மையில்லை. வசதி உள்ளவர்கள் லேசர் செய்யலாம். சாப்பாட்டையோ மருந்தையோ மாற்றினால் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது எடுக்கும், ஏனென்றால் முடி வளரும் சுற்றே அவ்வளவு நீளம். இரண்டு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

நான்கு மாதமாக வரவில்லை. வலியும் இல்லை, நிம்மதியாக இருக்கிறது. விடலாமா?

விடக்கூடாது. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உள்தோல் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படி விட்டால் அது பின்னாளில் புற்றுநோயாகும் வாய்ப்பைக் கூட்டும். இளவயதில் அது மிக அரிது, ஆனால் தடுப்பது சுலபம். 90 நாளுக்கு மேல் வரவில்லை என்றால் டொக்டரிடம் போங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுச் சில நாட்களுக்குக் குளிசை தந்து வரவைப்பார்கள். வருடத்தில் நான்கு தடவையாவது வரவேண்டும்.

பிள்ளை பிறக்குமா?

பெரும்பாலானோருக்குப் பிறக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள். முதலாவதற்கு மூன்று வருடம் காத்திருந்தோம், இரண்டாவது நினையாமலே வந்தது. முட்டை வெளிவருவது ஒழுங்கில்லாமலோ சிலகாலம் நின்றோ இருக்கலாமே தவிர, சூலகத்தில் முட்டைகள் இல்லாமல் போவதில்லை. பழக்கங்கள் மாறும்போது தானாக வரத் தொடங்கலாம். வராவிட்டால் லெற்றோசோல் போன்ற குளிசைகள் இருக்கின்றன. இதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன்: ஒழுங்காக வராதது கருத்தடை ஆகாது. இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்றால் அதற்கு வழி பார்க்கவேண்டும்.

பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது போலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்குங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் வரும் வாய்ப்பு உங்களுக்குக் கூட. அதனால் பிசிஓஎஸ் இருப்பதை முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவேண்டுமா?

வீட்டுக்குச் சொல்லவேண்டியதில்லை, தரகருக்கு ஒருபோதும் வேண்டாம். கட்டப்போகிறவரிடம், இருவரும் தனியே கதைக்கக் கிடைக்கும்போது, நீங்களே சொல்லுங்கள். "எனக்கு இப்படி ஒன்று இருக்கிறது, கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன், பிள்ளை கிடைக்கக் கொஞ்சம் பிந்தலாம்." அவ்வளவு போதும். நான் சொன்னபோது அவர் கேட்டது, "அப்ப சீனி இல்லாத தேத்தண்ணியோ?" என்றுதான். அதைக் கேட்டு முகம் மாறுபவர் என்றால் அது முன்னமே தெரிந்தது நல்லது.

எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. இதுவும் பிசிஓஎஸா?

இருக்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன; அதைக் கேட்டுப் பார்ப்பதும் வைத்தியத்தின் பகுதிதான். இரண்டு கிழமைக்கு மேல் ஒன்றிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "கொஞ்சம் குண்டாயிட்டாய் பிள்ளை" என்று விசேஷ வீட்டில் சொல்லும் அன்ரிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, நடுச்சாமத்தில் பிஸ்கற் பெட்டியைத் திறப்பாள்.

எங்கே போவது? என்ன கொண்டு போவது?

முதலில் உங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ காட்டலாம். தேவை என்றால் அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு, எங்கள் பெரியாஸ்பத்திரிக்கு, துண்டு தருவார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. காலையிலேயே போங்கள், வரிசை நீளும். சீனிப் பரிசோதனைக்கு, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின் குருதி எடுக்கும் முறைதான் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும். குருதியமுக்கமும் கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கொப்பி கொண்டு போங்கள். அதில் கடந்த ஆறு மாதமும் மாதவிடாய் தொடங்கிய திகதிகள், எத்தனை நாள் இருந்தது, எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்கு நீரிழிவு, கேட்கவேண்டிய கேள்விகள். டொக்டருக்கு முன்னால் இருக்கும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். என் முதலாவது கொப்பி 80 பக்கக் கணக்குக் கொப்பி, பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். இன்றைக்கு எந்த நாளோ, அந்தத் திகதியிலிருந்தே நீங்கள் தொடங்கலாம்.